அடைப்பு இருக்கு, குளிசை மட்டும் போதுமா?

கொழும்பில், மருதானையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பெரியாஸ்பத்திரியில், இதய நோய்ப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இரண்டு.

"அஞ்சியோகிராமில எண்பது வீதம் அடைப்பு எண்டு காட்டுது. டொக்டர் குளிசையைத் தந்து வீட்ட போகச் சொல்லுறார். பக்கத்து வீட்டு அண்ணருக்கு உடன ஸ்டென்ட் வைச்சவை. அப்பாவுக்கு ஏன் வைக்கேல்ல?" இது ஒன்று.

"போன மாசம்தான் ட்ரெட்மில் டெஸ்ட் செய்தவை, ஒரு பிரச்சினையும் இல்லை எண்டு சொன்னவை. இப்ப மாரடைப்பு வந்து படுத்திருக்கிறார். இது எப்பிடி நடந்தது?" இது மற்றது.

ஒருவருக்கு அடைப்பு தெரிகிறது, மாரடைப்பு வரவில்லை. மற்றவருக்கு அடைப்பே தெரியவில்லை, மாரடைப்பு வந்துவிட்டது. இரண்டு வைத்தியர்களில் ஒருவராவது தவறு செய்திருக்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெரும்பாலும் இருவருமே தவறு செய்திருக்கமாட்டார்கள். நம் மனத்தில் உள்ள படம்தான் பிழை.

அந்தப் படம் எல்லோருக்கும் தெரிந்ததே. இதயத்தின் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் முடியுரு நாடிகள் தண்ணீர்க் குழாய்கள் போன்றவை. வருடக்கணக்கில் உள்ளே ஊத்தை படிகிறது, வழி ஒடுங்குகிறது, ஒருநாள் முற்றாக அடைபடுகிறது, மாரடைப்பு வருகிறது. ஆகவே ஒடுங்கிய இடத்தைக் கண்டதும் விரித்துவிட்டால் மாரடைப்பு வராது. இந்தக் குழாய்க் கதையில் பாதி உண்மை. படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் நெஞ்சை இறுக்கி, நின்றால் விட்டுப்போகும் நெஞ்சுநோவை அது சரியாகவே விளக்குகிறது. இதயம் கூடுதல் இரத்தம் கேட்கிறது, ஒடுங்கிய வழியால் அவ்வளவு போக முடியவில்லை. மாரடைப்பு என்று வரும்போதுதான் அந்தக் கதை நம்மை ஏமாற்றுகிறது.

இப்படம் இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு அஞ்சியோகிராமும் ஒரு காரணம். 1958 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் மேசன் சோன்ஸ் என்ற வைத்தியர் வேறொரு பரிசோதனை செய்துகொண்டிருந்தபோது, நிறமருந்து தற்செயலாக முடியுரு நாடிக்குள் பாய்ந்துவிட்டது. நோயாளி பிழைத்தார், மருத்துவத்துக்கு ஒரு புதிய கண் கிடைத்தது. 1977 செப்டெம்பரில் சூரிச் நகரில் அண்ட்ரியாஸ் க்ருன்ட்சிக், ஒடுங்கிய முடியுரு நாடிக்குள் மெல்லிய பலூனைச் செலுத்தி விரித்துக் காட்டினார். நம் பக்கத்தில் 1975 இல் சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் கே. எம். செரியன் இந்தியாவின் முதலாவது பைபாஸ் சத்திரசிகிச்சையைச் செய்தார். 1986 இல் மெத்யூ சாமுவேல் களரிக்கல் பலூன் சிகிச்சையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். திரையில் ஒடுக்கம் தெரிகிறது, பலூனை ஊதியதும் மறைகிறது. கண்ணால் கண்டதை யார்தான் சந்தேகிப்பார்கள்?

ஆனால் அஞ்சியோகிராம் காட்டுவது நிறமருந்தின் நிழலை மட்டுமே. இரத்தம் ஓடும் வழி தெரிகிறது, நாடியின் சுவர் தெரிவதில்லை. நோய் இருப்பதோ சுவருக்குள். இறந்தவர்களின் இதயங்களை வெட்டிப் பார்த்த சிக்காகோ நோயியலாளர் சீமோர் கிளாகோவ் 1987 இல் ஒரு முக்கியமான விடயத்தைக் காட்டினார். கொழுப்பு படியப் படிய நாடி வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. படிவு நாடியின் உட்பரப்பில் ஏறக்குறைய 40 வீதத்தைப் பிடிக்கும் வரை, இரத்தம் ஓடும் வழி பெரும்பாலும் ஒடுங்குவதே இல்லை. அதுவரை அஞ்சியோகிராமும் ட்ரெட்மில் டெஸ்டும் "எல்லாம் சரி" என்றே சொல்லக்கூடும்.

இனி மாரடைப்புக்கு வருவோம். சுவரில் உள்ள படிவின் நடுவே கொழுப்புக் கூழும் அழற்சியுற்ற கலங்களும் இருக்கும். அதன் மேலே நார்த்தன்மையான ஒரு மெல்லிய மூடி. அழற்சி கூடும்போது மூடி மெலிகிறது, ஒரு கட்டத்தில் கிழிகிறது. உள்ளே இருந்த கூழ் ஓடும் இரத்தத்தில் பட்டதும், காயம் பட்ட இடத்தில் உறைவது போலவே அங்கும் இரத்தம் உறைகிறது. நேற்று முப்பது வீதம் மட்டும் ஒடுங்கியிருந்த நாடி இன்று சில நிமிடங்களில் முழுதாக மூடிக்கொள்கிறது.

இது எப்படித் தெரியும் என்று கேட்பது நியாயம். 1970களில்கூட இரத்தக்கட்டி மாரடைப்பின் காரணமா, விளைவா என்று வைத்தியர்கள் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இறந்த பின் வெட்டிப் பார்த்தால் கட்டி இருக்கும் அல்லது இருக்காது. எப்போது வந்தது, எப்போது கரைந்தது என்று யாருக்குத் தெரியும்? 1980 இல் அமெரிக்காவின் மார்க்கஸ் டிவுட்டும் கூட்டாளிகளும் துணிந்து, மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதே அஞ்சியோகிராம் எடுத்தார்கள். அறிகுறி தொடங்கி நான்கு மணித்தியாலத்துக்குள் பார்த்தவர்களில் 87 வீதமானோருக்கு நாடி முற்றாக அடைபட்டிருந்தது. 12 முதல் 24 மணித்தியாலம் கழித்துப் பார்த்தவர்களில் அது 65 வீதம். கட்டி முதலில் வருகிறது, பிறகு சிலரில் தானாகக் கரைகிறது. வாதம் அத்துடன் முடிந்தது.

இரண்டாவது சாட்சி 1988 இல் கிடைத்தது. வில்லியம் லிட்டிலின் குழு, ஏதோ காரணத்துக்காக முன்பு அஞ்சியோகிராம் செய்து, பின்னர் மாரடைப்பு வந்து மறுபடியும் அஞ்சியோகிராம் செய்த நோயாளிகளைத் தேடிப்பிடித்தது. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புதிதாக அடைபட்ட நாடிகளில் மூன்றில் இரண்டு, முதற்படத்தில் பாதிக்கும் குறைவாகவே ஒடுங்கியிருந்தன. ஒடுக்கம் கூடிய இடம் ஆபத்தற்றது என்று இதற்குப் பொருள் இல்லை. தனித்தனியாக எடுத்தால் பெரிய படிவே கூடிய ஆபத்து. ஆனால் ஒருவரின் நாடிகளில் ஒன்றிரண்டு பெரிய ஒடுக்கங்கள் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத சிறு படிவுகள் நீளத்துக்கும் பரவிக் கிடக்கும். கிழிவது அவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ட்ரெட்மில் டெஸ்டில் தேறியவருக்கு அடுத்த மாதம் மாரடைப்பு வந்தது இப்படித்தான்.

மூன்றாவது சாட்சி குளிசையிலிருந்து வந்தது. எனக்கு இது எல்லாவற்றிலும் அழகானதாகப் படுகிறது. 1994 இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதய நோய் உள்ள 4,444 பேரிடம் நடந்த ஆய்வில், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களில் 182 பேர் இறந்தார்கள். போலிக் குளிசை எடுத்தவர்களில் 256 பேர். இத்தனை உயிரைக் காத்த அந்த மருந்து வகை ஒடுக்கத்தை எவ்வளவு விரித்தது என்று வேறு ஆய்வுகளில் அளந்து பார்த்தார்கள். வித்தியாசம் வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. வழி விரியவில்லை, மாரடைப்போ குறைந்தது. மருந்து வேலை செய்தது சுவரில். கொழுப்பை வற்றச் செய்து, அழற்சியைத் தணித்து, மூடியைத் தடிப்பாக்கியது.

அப்படியானால் அமைதியாக இருக்கும் இதய நோய்க்கு, ஒடுங்கிய நாடியை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய் எதற்கு? கேள்வியைத் தீர்க்க ஒரே வழி ஒப்பிட்டுப் பார்ப்பது. ஒப்பிடுவது நினைப்பதை விடக் கடினம் என்பதைக் காட்டும் பழைய கதை ஒன்று உண்டு.

1950களில் நெஞ்சுநோவுக்கு ஒரு சத்திரசிகிச்சை பிரபலமாக இருந்தது. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஓடும் ஒரு நாடியைக் கட்டிவிட்டால் இரத்தம் இதயத்தின் பக்கம் திரும்பும் என்பது நம்பிக்கை. நோயாளிகள் நோவு குறைந்ததென்றார்கள், மாத்திரை குறைந்தது, கூடுதல் தூரம் நடந்தார்கள். சத்திரசிகிச்சையாளர்களுக்கு வேறு என்ன சான்று வேண்டும்? 1959 இல் அமெரிக்காவின் லெனார்ட் கொப் 17 நோயாளிகளை எடுத்தார். எல்லோருக்கும் தோலை வெட்டி நாடியை வெளித்தெரியச் செய்தார்கள். அந்த நேரத்தில் பிரிக்கும் கடித உறையில் இருந்த சீட்டைப் பொறுத்துச் சிலருக்கு மட்டும் கட்டினார்கள், மற்றவர்களுக்குக் கட்டாமலே தைத்தார்கள். நோயாளிக்கும் தெரியாது, பின்னர் அவரைப் பார்த்த வைத்தியருக்கும் தெரியாது. இரு பகுதியினருக்கும் ஒரே மாதிரி நோவு குறைந்தது. அடுத்த வருடம் இன்னொரு குழுவும் அதையே கண்டது. சிகிச்சை அத்துடன் கைவிடப்பட்டது.

நோவு பொய் என்றோ, நோயாளிகள் நடித்தார்கள் என்றோ யாரும் நினைக்கக்கூடாது. பெரிய சிகிச்சை நடந்துவிட்டது என்ற நம்பிக்கை உண்மையாகவே நோவைக் குறைக்கிறது. ஆகவே, எந்தச் சிகிச்சையையும் நம்புவதற்கு முன் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரின் மனம் தீர்மானிக்காமல் எழுமாறாகப் பிரிப்பது. நல்ல உடல்நிலை உள்ளவர்களையே வைத்தியர் ஸ்டென்டுக்குத் தெரிந்தெடுத்தால், பின்னர் அவர்கள் நன்றாக இருப்பதற்குக் காரணம் ஸ்டென்டா, அவர்களின் உடலா என்று பிரித்தறிய முடியாது. இரண்டு, முடிந்த இடத்தில் போலிச் சிகிச்சையுடன் ஒப்பிடுவது.

ஸ்டென்டுக்கு இந்த இரண்டாவது காவல் 2017 வரை வரவில்லை. க்ருன்ட்சிக்கின் பலூனிலிருந்து நாற்பது வருடங்கள்! லண்டனில் ரஷா அல்லமீ தலைமையில் நடந்த ஓர்பிட்டா ஆய்வில், ஒரு நாடியில் கடுமையான ஒடுக்கம் இருந்த 200 பேர் சேர்ந்தார்கள். முதலில் ஆறு வாரம் எல்லோருக்கும் குளிசைகளைச் சரியாகக் கூட்டிக் கொடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் சிகிச்சை மேசையில் படுக்கவைத்து, காதில் இசை ஒலிக்கும் கருவியைப் பொருத்தி, மயக்கநிலைக்குக் கொண்டுவந்து, குழாயைச் செலுத்தினார்கள். 105 பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். 95 பேருக்கு எதுவும் வைக்கவில்லை. ஆனால் குறைந்தது கால் மணித்தியாலம் மேசையிலேயே படுக்கவைத்தார்கள். வார்டில் பராமரித்தவர்களுக்கும் யார் யாரென்று தெரியாது. ஆறு வாரம் கழித்து ட்ரெட்மில்லில் விட்டால், ஸ்டென்ட் வைத்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த நேரம் ஏறக்குறைய 17 விநாடி. தற்செயலாகவும் வரக்கூடிய அளவு வித்தியாசம் அது.

அதே குழு 2023 இல் திரும்பவும் செய்தது. இம்முறை 301 பேர், நெஞ்சுநோக் குளிசைகளை நிறுத்திவிட்டு. பன்னிரண்டு வாரத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 40 வீதமானோர் நோவிலிருந்து முற்றாக விடுபட்டார்கள், போலிச் சிகிச்சைப் பகுதியில் 15 வீதம். ஆக, ஸ்டென்ட் நோவைக் குறைக்கிறது, அது மெய். ஆனால் பத்துப் பேரில் ஆறு பேருக்கு ஸ்டென்டுக்குப் பிறகும் நோவு மிஞ்சியிருந்தது.

உயிரைக் காக்கிறதா என்ற கேள்விக்கு 200 பேர் போதாது. மரணம் அரிதாக நடப்பது, சிறு வித்தியாசத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வேண்டும். இஸ்கீமியா என்ற பெயரில் 37 நாடுகளில், இந்தியாவிலும்தான், 5,179 பேருடன் நடந்த ஆய்வு 2020 இல் வெளியானது. சேர்ந்தவர்கள் எல்லோரும் சோதனையில் நடுத்தரமான அல்லது கடுமையான இரத்தக்குறை காட்டியவர்கள். ஒரு பகுதிக்கு முதலிலேயே அஞ்சியோகிராம், தேவைக்கேற்ப ஸ்டென்ட் அல்லது பைபாஸ், அத்துடன் குளிசை. மற்றப் பகுதிக்குக் குளிசை, நிலைமை மோசமானால் மட்டும் மற்றவை. மூன்று வருடத்துக்குச் சற்று மேலான கண்காணிப்பின் பின் முதற்பகுதியில் 145 பேரும் இரண்டாம் பகுதியில் 144 பேரும் இறந்திருந்தார்கள். அடிக்கடி நெஞ்சுநோ வருபவர்களின் வாழ்க்கைத்தரத்தை முதற்பகுதிச் சிகிச்சை நன்றாக உயர்த்தியது. ஆயுளை நீட்டியதாகத் தெரியவில்லை.

எண்பது வீத அடைப்புள்ள அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய வைத்தியர் இந்தச் சான்றின் மேல்தான் நிற்கிறார். எல்லா நோயாளிக்கும் இது பொருந்தாது. இடது பிரதான நாடியில் பெரிய ஒடுக்கம் உள்ளவர்களும், இதயத்தின் பம்ப் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. சீனி வருத்தத்துடன் பல நாடிகளில் அடைப்பு இருப்பவர்களுக்கு ஸ்டென்டை விட பைபாஸ் நல்லது என்று 2012 இல் வெளியான வேறோர் ஆய்வு காட்டியது. ஆகவே வைத்தியரிடம் "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த நாடி, பம்ப் எப்படி இருக்கிறது, இந்தச் சிகிச்சை நோவுக்கா உயிருக்கா என்றும் கேளுங்கள்.

மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது கணக்கே வேறு. அப்போது நாடியை மூடியிருப்பது புதிய இரத்தக்கட்டி. அதை எவ்வளவு விரைவாகத் திறக்கிறோமோ அவ்வளவு தசை பிழைக்கும். இங்கே ஸ்டென்ட் உயிர் காக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணருக்கு உடனே வைத்தது பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும்.

அடைபட்ட நாடியை விரைவாகத் திறப்பது உயிர் காக்கும் என்பதற்கான சான்றில் முதன்மையானது, ஸ்டென்ட் அல்லாமல் மருந்தைச் சோதித்து 1988 இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர். கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, விலை குறைந்த அஸ்பிரின், இரண்டும், ஒன்றுமில்லை என்று நான்கு பகுதிகள். ஐந்து வாரத்தில் ஒன்றும் பெறாதவர்களில் 13.2 வீதமானோர் இதய, இரத்தநாடிக் காரணங்களால் இறந்தார்கள். இரண்டும் பெற்றவர்களில் 8 வீதம். ஒரு சாதாரணக் குளிசையும் ஓர் ஊசியும் உலகின் வார்டுகளை அத்துடன் மாற்றிவிட்டன.

அந்த ஆய்வில் நமக்கு மிகவும் தேவையான இன்னொரு பாடமும் உண்டு. எந்த வகை நோயாளிக்கு அஸ்பிரின் கூடுதலாக உதவியது என்று துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டும்படி ஆய்வாளர்களிடம் கேட்டார்கள். அப்படிப் பிரிப்பது எவ்வளவு ஆபத்து என்று காட்ட, அவர்கள் பிறந்த திகதிப்படி ராசி பிரித்தும் ஒரு கணக்குப் போட்டார்கள். மேற்கத்தேயக் கணக்கின் மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு அஸ்பிரின் சற்றுக் கெடுதல் செய்வதாக விடை வந்தது! மற்ற ராசிக்காரர்களுக்குப் பெரும் பலன். கூட்டத்தைச் சிறிதாக வெட்ட வெட்ட, தற்செயல் உண்மையின் உடையில் வந்து நிற்கும். "எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இந்தக் குளிசை ஒத்துக்கொள்ளேல்ல" என்ற பேச்சைக் கேட்டுக் குளிசையை நிறுத்துபவர்கள் ஒரே ஒருவர் அளவுக்குக் கூட்டத்தை வெட்டியிருக்கிறார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஐசிஸ் ஆய்வுகளைத் தொடக்கத்தில் திட்டமிட்டவர்களில் ஒருவர் கேரளத்தில் பிறந்த சலீம் யூசுப். பின்னர் அவர் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு நம்மை நேரடியாகத் தொடுகிறது. இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது இங்கே 53, மற்ற நாடுகளில் ஏறக்குறைய 59. ஆறு வருடம் முந்துகிறது. பிள்ளைகள் இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் வயது அது. காரணங்களோ புதியவை அல்ல. புகைத்தல், பிரஷர், சீனி, கெட்ட கொலஸ்ட்ரோல், வயிற்றுக் கொழுப்பு, மரக்கறியும் பழமும் குறைந்த சாப்பாடு, அசையாமல் இருத்தல் ஆகியவை நமக்கு இளம் வயதிலேயே வந்து சேர்கின்றன.

நம் மண்ணிலும் நல்ல ஆய்வு நடக்கும் என்பதற்குச் சாட்சி 2018 இல் வெளியான ட்ரையம்ப் ஆய்வு. களனிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனத்துடன் சேர்ந்து, இலங்கையின் நகர்ப்புற ஆஸ்பத்திரி கிளினிக்குகளில் பிரஷர் உள்ள 700 பேரிடம் ஒரு எளிய யோசனையைச் சோதித்தார்கள். ஒரு மருந்தைக் கூடுதலாகக் கொடுப்பதற்குப் பதிலாக, மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே குளிசையில் கொடுத்தால்? ஆறு மாதத்தில் அந்தக் குளிசை எடுத்தவர்களில் 70 வீதமானோரின் பிரஷர் இலக்குக்குள் வந்தது. வழமையான முறையில் 55 வீதம். மாதம் ஒருமுறை கிளினிக்கில் வரிசையில் நின்று பை நிறையக் குளிசை வாங்கி வருபவர்களுக்கு இதன் அருமை புரியும்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூரின் தோமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் சேர்ந்து வேறொன்றைச் செய்தார்கள். சிறிய ஆஸ்பத்திரிகளை ஸ்டென்ட் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்து, 108 அம்புலன்ஸைச் சேர்த்து, முதலில் கட்டி கரைக்கும் ஊசி, பின் பெரிய ஆஸ்பத்திரி என்று ஒரு வலை பின்னினார்கள். 2017 இல் வெளியான அறிக்கைப்படி, ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 17.6 வீதத்திலிருந்து 14.2 வீதத்துக்குக் குறைந்தார்கள். எழுமாறாகப் பிரித்த ஆய்வு அல்ல இது, முன்னும் பின்னும் ஒப்பிட்டது. ஆகவே அந்த வித்தியாசம் முழுவதையும் வலைக்கே எழுதிவிட முடியாது. இருந்தாலும் புதிய மருந்து எதுவும் இல்லாமல், இருப்பதை நேரத்துக்குக் கொண்டுசேர்ப்பதே எவ்வளவு பெரிய வேலை என்று அது காட்டுகிறது.

அந்த நேரம் நம் கையிலும் இருக்கிறது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்தது போல இறுக்கம், கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத மூச்சிளைப்பு ஆகியவை ஓய்வெடுத்தும் போகாவிட்டால், வாய்வு என்று சொல்லி ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டு விடியும்வரை பார்த்திருக்காதீர்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நோவே இல்லாமல் களைப்பும் மூச்சிளைப்பும் மட்டும் வரக்கூடும். கிளினிக்கில் தந்த குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள். கொட்டாஞ்சேனையில் இருந்தாலும் வெள்ளவத்தையில் இருந்தாலும், முச்சக்கரவண்டி தேடி ஒழுங்கை முனைக்கு நோயாளியை நடத்திக்கொண்டு போகாமல், 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் வரும், அதற்குக் காசு இல்லை.